டென்மார்க் ராணியின் உறவுக்காரி

எங்கள் வீட்டில் அவளுக்கு மகாராணி என்று பெயர் வைத்தவள் நான்தான். குத்திக்காட்டத்தான் வைத்தேன். அவள் காதில் விழட்டும் என்றே அடுப்படியிலிருந்து சத்தமாகச் சொன்னேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கழுவிய பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்துக்கொண்டே, "மகாராணிங்கன்னா சும்மா உக்காந்திருப்பாங்கன்னு நெனைக்கிறியா தங்கச்சி? எங்க பிலிப்பா மூணு தேசத்தப் பாத்துக்கிட்டவ" என்றாள். கொஞ்ச நாளில் என் மாமியாரே அந்தப் பெயரை மரியாதையாகச் சொல்லத் தொடங்கிவிட்டார். நான் எறிந்த கல்லை அவள் எடுத்து மோதிரத்தில் பதித்துப் போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது எனக்கு.

அவள் என் ஓரகத்தி. என் கணவரின் அண்ணன் பெங்களூரில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். கல்யாணமே வேண்டாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததால் தம்பிக்கு முதலில் முடித்தார்கள். அப்படித்தான் கம்பைநல்லூரிலிருந்து நான் பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் இருந்த அந்த வீட்டுக்கு வந்தேன். மூன்று வருடம் அந்த வீட்டுக்கு நான் ஒருத்தியே மருமகள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதிலிருந்து மாமியாரின் காலுக்கு எண்ணெய் தேய்ப்பது வரை எல்லாம் நான். பிறகு பெரியவர் திடீரென்று மனம் மாறி, கோலார் தங்கவயலில் ஒரு பெண் பார்த்திருப்பதாகச் சொன்னார். தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவரின் மகள். சுரங்கத்தை மூடிவிட்டதால் குடும்பத்துக்கு வருமானம் இல்லை. அவள் அங்கே ஒரு சின்ன இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தாள். தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றும் சரளம்.

கல்யாணம் ஆன அன்றே அவள் பெரிய மருமகள், நான் சின்ன மருமகள். மூன்று வருட உழைப்பு ஒரே கல்யாணப் பூசையில் போயிற்று.

மாதா கோயிலில் அவள் வெள்ளைப் புடவையில் வந்து நின்றாள். நகரத்துக் கிறிஸ்தவர்களிடம் அது வழக்கம்தான். எங்கள் பக்கத்து விவசாயக் குடும்பங்களில் அப்போது பெண்ணுக்கு அரக்குப் பட்டுதான் எடுப்பார்கள். நானும் அரக்கில்தான் தாலி கட்டிக்கொண்டேன். பந்தி முடிந்ததும் மாமியார் தாங்கமாட்டாமல் கேட்டுவிட்டார்.

"ஏம்மா, நல்ல நாளுல வெள்ளச் சீலையா?"

"இங்கிலாந்துல பிலிப்பான்னு ஒரு ராஜகுமாரி இருந்தாங்க அத்தெ. டென்மார்க் ராஜாவுக்குக் கட்டிக் குடுத்தாங்க. ராஜ குடும்பத்துல வெள்ளையில கல்யாணம் பண்ணிக்கிட்ட மொத ஆளு அவதான்னு சொல்லுவாங்க. நான் அவ மாதிரி கட்டிக்கணும்னு சின்னதுலயே நெனச்சேங்க."

தாலி ஏறிய அன்றைக்கே ஒரு மருமகள் மாமியாருக்கு இப்படிப் பதில் சொல்லி நான் பார்த்ததில்லை. திட்டு விழும் என்று ஆசையாகக் காத்திருந்தேன். மாமியார் அந்தப் புடவையின் முந்தானையைத் தொட்டுப் பார்த்து, "டென்மார்க்கா? அது எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

அந்த ராணியை அவள் எங்கே பிடித்தாள் என்பதை ஒருமுறை சொன்னாள். தங்கவயலில் வெள்ளைக்காரர்கள் காலத்து கிளப் ஒன்று இருந்ததாம். சுரங்கம் மூடியபோது அங்கிருந்த புத்தகங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வாசலில் கொட்டினார்களாம். அட்டை கிழிந்த ஒன்றை இவள் எடுத்தாள். அதில் பல ராணிகள் இருந்தும் இவள் மனதில் தங்கியவள் ஒருத்தி. புத்தகத்தை அம்மா வீட்டிலேயே விட்டுவிட்டு, ராணியை மட்டும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அவள் வந்தபோது என் வயிற்றில் குழந்தை. பெண் பிறந்தது. ஞானஸ்நானத்தில் குழந்தையைக் கையில் வாங்கும் ஞானத்தாயாகப் பெரிய மருமகள்தான் நிற்க வேண்டும் என்றார் மாமியார். எனக்கு என் அம்மா பேரை வைக்க ஆசை. ஞானத்தாய் சொல்வதுதான் பேர் என்றார்கள். அவள் பிலிப்பா என்றாள்.

"பிலிப்பு ஆம்பளப் பேரு ஆச்சே. வூட்டுல கூப்பிட்டா எங்க சித்தப்பன் திரும்பிப் பாப்பான்" என்றார் மாமியார்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். "அப்ப பிரின்சின்னு வைங்க. ராஜகுமாரின்னு அர்த்தம்" என்றாள். அப்படியே முடிவாயிற்று. பத்து மாதம் சுமந்தவளிடம் யாரும் கேட்கவில்லை.

அந்த ராணியின் குடும்பத்தை அவள் சொந்தக்காரர்களைப் போலவே பேசுவாள். கதை சொல்கிறோம் என்ற நினைப்பே அவளுக்கு இருந்ததில்லை. புளி உடைக்கும் காலத்தில் எங்கள் களத்தில் பத்துப் பெண்கள் உட்கார்ந்து கொட்டை எடுப்போம். தட்டிக்கொண்டே அவள் ஆரம்பிப்பாள்.

"பிலிப்பாவப் பெத்தப்பவே அவ அம்மா போய்ட்டாங்க. மொகமே தெரியாது அவளுக்கு."

"அடப் பாவமே" என்பார்கள் பெண்கள்.

"அண்ணனுங்க நாலு பேரு. பெரியவன்தான் பின்னால ராஜா ஆனான். சண்டைக்குப் போனா ஜெயிக்காம வர மாட்டான். அக்கா ஒருத்தி, பிளாஞ்சுன்னு பேரு. அவளச் சின்னதுலயே செர்மனிக்குக் குடுத்துட்டாங்க. அப்புறம் இவ மொற. பன்னெண்டு வயசு. கப்பல்ல ஏத்தி உட்டுட்டாங்க. போனவ போனவதான். அப்பன், அண்ணனுங்க யாரையும் திரும்பப் பாக்கவே இல்ல."

"மாப்பிள்ள நல்லவனா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அதத்தான் என்னால சொல்ல முடியல. ஆனா புருசன் ஊர்ல இல்லாதப்ப நாட்டப் பாத்துக்கிட்டவ இவதான்."

"மாமியா?"

அப்போது என் மாமியாரும் அங்கே உட்கார்ந்திருந்தார். அவள் அவரைப் பார்த்து, "மாமியார் மொறையில மார்கரெட்டுன்னு ஒரு பெரிய ராணி. மூணு தேசத்தையும் ஒரு கையில புடிச்சிருந்தாங்க. எங்க அத்தெ மாதிரியே" என்றாள்.

மாமியாருக்கு வெட்கத்தில் முகம் சிவந்துவிட்டது. அதற்கு அடுத்த வாரம் தானிய அறைச் சாவி அவள் இடுப்பில் இருந்தது. மூன்று வருடம் மாமியாரின் காலைப் பிடித்தவளுக்குக் கிடைக்காத சாவி. கொஞ்சிப் பேசி வாங்கிவிட்டாள் என்று என் கணவரிடம் சொன்னேன். "நீயும் பேசேன், யாரு வேணாங்கறா?" என்றார்.

பேச எனக்கு என்ன இருக்கிறது? கம்பைநல்லூர்ச் சந்தையும் எங்கள் வீட்டு எருமையும்தான். அதைக் கேட்க யார் உட்காருவார்கள்?

வருடங்கள் போயின. அவளுக்குக் குழந்தை தங்கவில்லை. தருமபுரியில் பார்த்தார்கள், பெங்களூரிலும் பார்த்தார்கள். அவள் அதைப் பற்றி வாயே திறக்கமாட்டாள். ஒரு நாள் களத்தில், எல்லோரும் இருக்கும்போது, நான் கேட்டேன்: "ஏங்கக்கா, உங்க ராணிக்குக் கொழந்த எத்தன?"

தட்டிக்கொண்டிருந்த அவள் கை நின்றது. "ஒண்ணு பொறந்துச்சாம். உயிரில்லாம" என்றாள். அடுத்த கொட்டையைத் தட்டி எடுத்துக்கொண்டே, "அதுக்கு யாரும் அவள ராணி இல்லன்னு சொல்லல தங்கச்சி" என்றாள்.

பெண்களெல்லாம் என்னைப் பார்த்தார்கள். அவர்கள் இரக்கத்தைக்கூட அவளுக்குத்தான் சம்பாதித்துக் கொடுத்தேன்.

ஒரு முறை ஆண்கள் எல்லோரும் பென்னாகரத்தில் ஒரு சாவுக்குப் போயிருந்த நேரம் பார்த்து புளி வியாபாரி வண்டியோடு வந்துவிட்டான். பெரியவரிடம் போனில் பேசி விலை முடித்துவிட்டதாகச் சொல்லி மூட்டைகளைத் தூக்கச் சொன்னான். பெரியவர் அப்படி எதுவும் பேசியிருக்கவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். மாமியார் கையைப் பிசைந்தார். அவள் நேராகப் போய் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தாள்.

"தங்கச்சி, நீ அதுல உக்காரு. அத்தெ, நீங்க இதுல. கொட்ட எடுக்கறவங்க எல்லாம் வாங்க, ஆளுக்கொண்ணு."

"என்னம்மா இது, வெளையாட்டா?" என்றான் அவன்.

"வெளையாட்டுத்தாங்க. புருசன் ஊர்ல இல்லாதப்ப கப்பல் கப்பலா எதிரிங்க வந்தாங்க. எங்க பிலிப்பா ஊர் சனத்த வச்சே தொரத்தி உட்டா. நீங்க ஒத்த வண்டியிலதான வந்திருக்கீங்க?"

பெண்கள் சிரித்த சிரிப்பில் அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். மாலையில் என் கணவர் வந்து விஷயம் கேட்டு, "அண்ணி இல்லன்னா இந்நேரம் கோவிந்தாதான்" என்றார். நானும்தான் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தேன். உச்சி வெயிலில், தலைவலியோடு.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் மகளைத்தான் என்னால் விட்டுக்கொடுக்க முடியவில்லை. பிரின்சி நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அவள் பின்னால்தான். பெரிம்மா சோறு பிசைந்தால் இரண்டு கவளம் கூட இறங்கும். பெரிம்மா பின்னினால்தான் சடை. இங்கிலீஷ் பாடம் பெரிம்மாவிடம். கப்பலில் போகும் ராஜகுமாரியைச் சுவரெல்லாம் வரைந்து வைப்பாள். ஒன்பதாம் வகுப்பில் பெற்றோரைக் கூட்டிவரச் சொன்னார்கள். நான் புடவை மாற்றிக்கொண்டு வெளியே வந்தால் பிரின்சி பெரிம்மா கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "அம்மாவுக்கு இங்கிலீஷ் வராதே" என்றாள். ஓரகத்தி உடனே, "நான் வரல. அம்மாவக் கூட்டிட்டுப் போ" என்று உள்ளே போய்விட்டாள். போனேன். டீச்சர் என்னைப் பார்த்ததும், "பெரிம்மா வரலயாங்க? நல்லாப் பேசுவாங்களே" என்றார்.

பிரின்சி பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது என் அண்ணன் தன் மகனுக்குக் கேட்டு வந்தான். பையன் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. குடி, சீட்டாட்டம் எதுவும் கிடையாது. சொந்தம் விட்டுப்போகாது. அவளுக்குப் பதினாறு நடந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் அந்த வயதில் கட்டிக்கொடுப்பது ஊருக்குப் புதிதில்லை. பூ வைத்துவிடலாம், கல்யாணத்தை லீவில் ஓசையில்லாமல் முடித்துவிடலாம் என்றான். மாமியாருக்குச் சம்மதம். என் கணவர் இழுத்தார், பிறகு சரி என்றார்.

எனக்கு அதில் இருந்த ஆசையைச் சொல்கிறேன். மகள் என் அம்மா வீட்டுக்குப் போவாள். என் அண்ணி மடியில் உட்காருவாள். நான் பிறந்த வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைப்பாள். அங்கே டென்மார்க் ராணியைப் பற்றிப் பேச யாரும் இல்லை.

ஓரகத்தி என் கணவரிடம் பேசிப் பார்த்தாள். பெரியவரையும் விட்டுப் பேசச் சொன்னாள். கடைசியில் அடுப்படியில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"படிக்கற புள்ள தங்கச்சி. பதினெட்டு ஆவட்டும். அப்புறம் உங்க அண்ணன் பையனுக்கே குடு. நானே முன்ன நின்னு செய்யறேன்."

"எம் பொண்ணு விசயம். நீங்க உங்க ராணியப் பாத்துக்குங்க."

"பிரின்சிகிட்டக் கேட்டியா?"

"பெத்தவளுக்குத் தெரியும்."

அவள் எழுந்து போய்விட்டாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

பூ வைக்கும் நாள் என் அண்ணன் வீட்டார் பழத்தட்டுகளோடு வந்து இறங்கினார்கள். பெரிய மருமகள்தான் தட்டை வாங்க வேண்டும். நான் மாமியாரிடம் சொல்லி, பிள்ளை பெற்ற ஒருத்தி வாங்கட்டும் என்று பக்கத்து வீட்டு மதனியை நிறுத்தியிருந்தேன். ஓரகத்தி அதைப் பார்த்தாள். பந்தலின் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றாள். பிரின்சி மஞ்சள் பட்டில் உள்ளே உட்கார்ந்து, அழுதழுது முகம் வீங்கியிருந்தாள். பவுடர் போட்டு மறைத்தேன்.

தட்டு மாற்றுவதற்குள் தருமபுரியிலிருந்து ஜீப் வந்தது. இரண்டு பெண் அதிகாரிகளும் ஒரு போலீஸ்காரரும். பெண்ணின் வயது என்ன என்று கேட்டார்கள். என் அண்ணன் எழுந்து, "எவன்டா சொன்னது?" என்று கத்தினான்.

அவள் கம்பத்தை விட்டு நடுவில் வந்தாள். கம்பத்தடியிலேயே நின்றிருந்தால் யாரும் அவளைச் சந்தேகப்பட்டிருக்கக்கூட மாட்டோம். எங்கள் ஊரில் அப்படிச் சொல்லிவிட்டு மறைந்துகொள்வதுதான் வழக்கம்.

"நாந்தாங்கண்ணா சொன்னேன்."

"நீ யாரு? பெத்தியா?"

"பெக்கலீங்க. ஞானஸ்நானத்துல கையில வாங்குனேன்."

என் கணவரும் அண்ணனும் பதினெட்டு வயது ஆகாமல் கல்யாணம் செய்யமாட்டோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். வந்தவர்கள் சாப்பிடாமல் கிளம்பிப் போனார்கள். வடித்த சோறு அண்டாவில் அப்படியே இருந்தது. என் அண்ணன் அன்றிலிருந்து இன்றுவரை என் வாசல் மிதிக்கவில்லை. அந்தப் பையன் வேறு பெண்ணைக் கட்டி நன்றாகத்தான் இருக்கிறான். பிரின்சியைக் கட்டியிருந்தாலும் நன்றாகத்தான் வைத்திருப்பான் என்று நான் இப்போதும் சொல்வேன்.

ஓரகத்தி இருக்கும் வீட்டில் நான் தண்ணீர் குடிக்கமாட்டேன் என்றேன். என் கணவரும் என் பக்கம் நின்றார். பெரியவர் ஒன்றும் வாதாடவில்லை. பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு தங்கவயலுக்கே போய்விட்டார். அவள் போகும்போது சாவியை மாமியார் கையில் கொடுத்தாள். மாமியார் அதை என்னிடம் கொடுத்துவிட்டு அழுதார். எனக்காக அவர் ஒரு நாளும் அப்படி அழுததில்லை.

பிரின்சி என்னோடு பேசுவதை நிறுத்தினாள். கேட்டால் தலையசைப்பாள். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்த மறுநாள் காலை, பையோடு கிளம்பிப் போய்விட்டாள். தேடிக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது.

"தங்கச்சி, பிரின்சி இங்கதான் இருக்கா. பயப்படாத. நீ வா. நீ மட்டும் வா."

கிருஷ்ணகிரி, குப்பம் என்று பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தேன். அந்த ஊரை அப்போதுதான் முதல்முறை பார்த்தேன். சுரங்கத்திலிருந்து அரைத்துக் கொட்டிய மண் சாம்பல் நிற மலைகளாக நின்றது. ஒரு புல்கூட முளைக்காத மலைகள். அவற்றின் அடியில் வரிசை வரிசையாகத் தகரக் கூரை வீடுகள். அதில் ஒன்றின் வாசலில் ஓரகத்தி நின்றுகொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்ததை வாசலிலேயே கொட்டினேன்.

"எம் பொண்ண எடுத்துக்கிட்டீங்க."

"எடுத்துக்கறதா இருந்தா எப்பவோ எடுத்திருப்பேன். உள்ள வா. சாப்புட்டியா?"

தட்டு வைத்தாள். உள்ளே பிரின்சி கதவோரம் நின்று என்னைப் பார்த்தாள், பிறகு திரும்பிக்கொண்டாள். சுவரில் மாலை போட்ட ஒரு சின்னப் பெண்ணின் படம். சாயம் போன கறுப்பு வெள்ளை.

"யாரது?" என்றேன். வேறு என்ன பேசுவது என்று தெரியவில்லை.

"எங்க அக்கா. பதினஞ்சுல குடுத்தாங்க, கொள்ளேகால் பக்கம். மொதப் பிரசவத்துலயே போய்ட்டா. அதுக்கப்புறம் எங்கப்பா என்னப் பொண்ணு கேட்டு யார் வந்தாலும் வெரட்டி உட்டுடுவாரு. அதனாலதான் எனக்கு லேட்டு."

பதினாறு வருடம் ஒரே அடுப்பில் சமைத்திருக்கிறோம். டென்மார்க் ராணியின் அக்கா பேர் எங்கள் ஊரில் புளி உடைக்கிற எல்லோருக்கும் தெரியும். இவளுக்கு ஒரு அக்கா இருந்தது எனக்குத் தெரியாது.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. அன்னிக்கு அடுப்படியில சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேனோ என்னமோ."

"சொல்ல வரலம்மா. அவளப் பத்திப் பேச ஆரம்பிச்சா தொண்டையில நிக்குது." பிறகு மெதுவாக, "பிரின்சிக்குத் தெரியும்" என்றாள்.

அந்த ஊரில், அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, செத்துப்போன பெண்ணுக்காக வருத்தப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு நெஞ்சில் குத்தியது அந்த ஒரு வார்த்தைதான். பிரின்சிக்குத் தெரியும். எனக்குச் சொல்லத் தொண்டையில் நின்றது என் மகளுக்குச் சொல்ல இறங்கியிருக்கிறது.

"நான் வர மாட்டேன்" என்றாள் பிரின்சி உள்ளேயிருந்து. ஒரு வருடத்துக்குப் பிறகு என் காதில் விழுந்த அவள் குரல்.

ஓரகத்தி எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தகரக் கூரைக்குக் கீழே பேச்சு முணுமுணுவென்று கேட்டது. ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. பிரின்சி ஒரு முறை உரக்க அழுதாள். கதவு திறந்தபோது பிரின்சி முகம் கழுவியிருந்தாள், தோளில் பை இருந்தது. சடை புதிதாகப் பின்னியிருந்தது.

"நர்சிங் சேரணுங்கறா. சேத்து உடு. கல்யாணம் அவ சொல்றப்ப பண்ணு" என்றாள் ஓரகத்தி. பஸ் ஸ்டாண்டு வரை வந்தாள். பஸ் நகரும்வரை நின்றாள். நான் அவளுக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவளை நான் உயிரோடு பார்க்கவும் இல்லை.

குப்பம் தாண்டியதும் கேட்டேன். "உள்ள உங்க பெரிம்மா என்ன சொன்னா?"

"ஒண்ணும் இல்ல."

"இவ்ளோ நேரம் ஒண்ணுமில்லாமயா பேசுனா?"

பிரின்சி ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். கிருஷ்ணகிரி வரும் முன்னே அவளுக்குத் தூக்கம் வந்தது. தலை ஆடியது. பிறகு, சின்னப் பிள்ளையாக இருந்தபோதுகூட என்னிடம் செய்யாத ஒன்றைச் செய்தாள். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு என் தோளில் சாய்ந்தாள்.

நான் அசையவில்லை. தோள் மரத்துப்போயிற்று, அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவள் மூச்சு என் கழுத்தில் பட்டது. இத்தனை வருடம் நான் கேட்டது இதைத்தான். தருமபுரி விளக்குகள் தெரியும்வரை ஒன்றையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன்: அம்மா தோளில் சாய்ந்துகொள் என்றும் அவள்தான் சொல்லி அனுப்பினாளோ?